வாடிவாசலுக்கு விடை எழுதுவது

பி. ஆர். ராஜமய்யர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா மூவருக்கும் ஊர் வத்தலக்குண்டு. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தமிழ் நாவலின் தொடக்க நூல்களில் ஒன்று. ராமையா மணிக்கொடியைச் சிறுகதைக்கான இதழாக நடத்தியவர். 1912இல் பிறந்த செல்லப்பா, விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் கொடுத்த 'எழுத்து' இதழை 1959 ஜனவரியில் தொடங்கியவர். அந்த ஊரிலிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம் தாண்டினால் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையடிவாரம்வரை பள்ளத்தாக்கு நீள்கிறது. வத்தலக்குண்டு இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டங்கள் பிரிவதற்கு முன்பு எல்லாமே மதுரைச் சீமைதான். பேச்சும் மாடும் சாமியும் ஒன்றுதான்.

எனவே உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியிலோ, பெரியகுளத்தில் 1971இல் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியிலோ இலக்கியம் படிக்கும் ஒருவருக்கு, செல்லப்பாவின் 'வாடிவாசல்' பக்கத்து ஊர்க்காரர் எழுதிய புத்தகம். 1959இல் வெளிவந்தது. நூறு பக்கம்கூட வராது. ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடலாம். தமிழ்க் குறுநாவல் என்றதும் ஆசிரியர்களின் நினைவில் முதலில் வரும் நூல்களில் அது ஒன்று. ஆனாலும் அதைத் திறந்து பார்க்காமலே அதைப்பற்றி நான்கு பக்கம் எழுதித் தேறிவிட முடிகிறது. நம் தேர்வு முறையில் இதை எல்லோரும் அறிவோம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த நூலைப் பொறுத்தமட்டில் அது ஒரு பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் மாணவர்களைவிட இதை நன்றாகப் படிக்கக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகளில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்பது நெடுங்காலமாகப் பழகிய கணக்கு. அந்த 75இல் நீண்ட கட்டுரை வினாக்களின் பங்கு பெரியது. மூன்று மணி நேரத்தில் சிறுவினாக்களையும் முடித்துக்கொண்டு எழுத வேண்டியிருப்பதால், ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். இந்த நெருக்கடியில் மாணவர் எதைக் கையில் எடுப்பார்? முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் புரட்டி 'முக்கிய வினா' என்று நான்கைந்தைக் குறிப்பார். கடையில் கிடைக்கும் கைடிலோ, சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த ஜெராக்ஸ் நோட்ஸிலோ அவற்றுக்கு விடை இருக்கும். முன்னுரை, கதைச்சுருக்கம், துணைத் தலைப்புகள், முடிவுரை. துணைத் தலைப்புக்குக் கீழே கோடு போட்டால் திருத்துபவர் கண்ணில் படும் என்று ஒரு நம்பிக்கை. அடிஷனல் ஷீட் வாங்கினால் மதிப்பெண் கூடும் என்று இன்னொரு நம்பிக்கை.

அப்படிப்பட்ட விடையின் வடிவத்தைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 'பிச்சியின் பாத்திரப் படைப்பை விளக்குக' என்று வினா வருவதாக வைத்துக்கொள்வோம். விடை இப்படிப் போகும்: பிச்சியின் வீரம், பிச்சியின் தந்தைப்பாசம், பிச்சியின் துணிவு, பிச்சியின் விடாமுயற்சி. பிச்சி என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நாவலின் நாயகன் பெயரைப் போட்டாலும் இந்த விடை பொருந்தும். பண்புகளைப் பட்டியலிடும் பழக்கம் பெரிய நாவல்களுக்காக உருவானது. ஐந்நூறு பக்க நாவலில் ஒரு பாத்திரம் பல இடங்களில், பல வயதுகளில், பல உறவுகளில் தோன்றும். அவற்றைத் தொகுத்துக் காட்ட ஒரு பட்டியல் உதவக்கூடும். வாடிவாசலில் பிச்சிக்கு அத்தனை வாழ்க்கை கிடையாது. அவனுக்கு ஒரு பொழுது இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. அந்த ஒரு பொழுதுக்குள் அவனை நாம் எப்படி அறிகிறோம் என்பதே பாத்திரப் படைப்பு.

கதை இதுதான். செல்லாயி ஜல்லிக்கட்டு நடக்கும் பெரியபட்டிக்கு பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். ஜமீன்தாரின் காரிக் காளை பெயர்போன மாடு. பிச்சியின் தகப்பன் அம்புலி பெயர்போன மாடுபிடிகாரன். அந்தக் காளையால்தான் அவன் சாவு நேர்ந்தது. அதே காளையை அணைய வந்திருக்கிறான் மகன். வாடிவாசலில் நிற்கும் ஒரு கிழவனோடு பேச்சுக்கொடுக்கிறார்கள். இவன் யார் மகன் என்பது அந்தப் பேச்சினூடேதான் வெளியாகிறது. காரிக்கு முன்பு வேறு மாடுகளை அணைந்து பிச்சி தன் கையைக் காட்டுகிறான். பிறகு காரி வருகிறது. பிச்சி குத்துப்படுகிறான், ஆனால் ஜெயிக்கிறான். வாடியை விட்டு வெறிகொண்டு ஓடிய காளையை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார்.

இந்தச் சுருக்கத்தை எழுதுவதோடு நின்றால் ஒரு மதிப்பெண்ணும் சம்பாதிக்கவில்லை என்றே ஒரு நல்ல மாணவர் எண்ண வேண்டும். சுருக்கத்தில் விடுபட்டுப்போனதுதான் கட்டுரைக்கு வேண்டியது. முதலில், பேச்சு. நூலின் முற்பகுதி பெரிதும் உரையாடலால் ஆனது. மாடு இன்னும் வரவில்லை. மனிதர்கள் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காரியை நாம் பார்ப்பதற்கு முன்பே அதன் மேல் பயம் வந்துவிடுகிறது. அம்புலியை நாம் பார்ப்பதே இல்லை, ஆனால் அவனை மறக்க முடியவில்லை. கிழவனின் வாய் இல்லாவிட்டால் இரண்டும் நடந்திராது. அப்படியானால் 'கிழவனின் பங்கு' என்பது துணைப்பாத்திரங்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியில் முடிக்கிற விஷயமா? அவன்தான் அந்த வாடியின் நினைவு. பழைய ஜல்லிக்கட்டுகளில் யார் எந்த மாட்டை அணைந்தார்கள், யார் விழுந்தார்கள் என்பதை அவன் வைத்திருக்கிறான். ஒரு வெளியூர்க்காரனை அந்தக் கூட்டத்துக்குள் இன்னான் மகன் என்று அடையாளம் காட்டி நிறுத்தும் அதிகாரம் அவனுக்கு இருக்கிறது. பிச்சியின் பாத்திரத்தைப் பற்றிய விடையைக் கிழவனிலிருந்து தொடங்கினால் அது வேறு விடையாகிவிடும். பிச்சி தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறான், மற்றவர்கள் அவனைப் பற்றி எவ்வளவு சொல்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தால் போதும். அரை மணி நேரத்துக்கு எழுதப் பொருள் கிடைத்துவிடும்.

அடுத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. ஜமீன்தார் மேடையில். மாடு அணைகிறவர்கள் வாடியில். கூட்டம் சுற்றிலும். காளை அடைபட்ட இடத்திலிருந்து திறந்த இடத்துக்கு வருகிறது. தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் இந்த இடங்களை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார் மேலே, யார் கீழே என்று குறித்துப் பாருங்கள். ஜமீன்தார் மேடையில் இருக்கும்வரை கதையில் அவருக்கு இருக்கும் இடமும், கடைசியில் துப்பாக்கியோடு அவர் இருக்கும் இடமும் ஒன்றல்ல. தன் காளையை ஒருவன் அணைந்ததைச் சபை நடுவே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டவர், பிறகு அதே காளையைக் கொல்கிறார். ஏன்? அது ஆட்களைக் குத்திவிடும் என்ற பொறுப்பா? தோற்ற காளையை இனி வைத்துக்கொள்ள முடியாது என்ற ரோசமா? இரண்டும் பின்னிக் கிடக்கும்படியே செல்லப்பா எழுதியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடும் மாணவருக்கும் நான் முழு மதிப்பெண் போடுவேன், அவர் நூலிலிருந்து சான்று காட்டினால். கைடுகள் இந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை. 'காளையைச் சுட்டதன் மூலம் கதை முடிகிறது' என்று தாண்டிப் போய்விடுகின்றன.

இங்கே கம்பம் பள்ளத்தாக்கின் மாணவருக்கு இருக்கும் பலத்தையும் அதோடு ஒட்டிய ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பலம் தெரிந்ததே. தேனி மாவட்டத்தில் அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கிறது. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே மக்கள் கூடி மாட்டை வணங்குகிறார்கள். மலைமாடு மேய்ப்பவர்களின் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். மாடு தலையைத் தாழ்த்தினால் என்ன அர்த்தம், காலால் மண்ணைக் கிளறினால் என்ன அர்த்தம் என்று இவர்களுக்கு யாரும் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை. சென்னையிலோ வெளிநாட்டிலோ இதைப் படிப்பவர் முட்டி மோதுகிற வட்டாரச் சொற்களும் பேச்சின் இழுப்பும் இவர்களுக்கு வீட்டுப் பேச்சு. என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அதன் வழியாக நூலுக்குள் போகிறவருக்கு இந்த இழுப்பு அப்படியே கிடைக்க வழியில்லை.

ஆபத்து என்னவென்றால், தெரிந்த ஜல்லிக்கட்டு எழுதப்பட்ட ஜல்லிக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. வினாவில் வாடிவாசல் என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா தானாக ஓடத் தொடங்கும்: தமிழர் வீரம், 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் நடந்த போராட்டம், 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றது. எல்லாம் உண்மை. எல்லாம் நமக்கு முக்கியம். ஆனால் செல்லப்பா 1959இல் இவற்றை அறிந்திருக்க வழியில்லை. அவர் எழுதிய நூலில் பண்பாட்டுப் பெருமை பேசும் குரலைவிட, ஒரு விளையாட்டுக்குள் பகையும் பழியும் அந்தஸ்தும் எப்படிப் புகுந்துகொள்கின்றன என்று உற்றுப் பார்க்கும் கண்ணே வலுவானது. மனிதனுக்கு விளையாட்டாக இருப்பது மாட்டுக்கு அப்படியில்லை என்ற உணர்வு அதில் ஊடாடுகிறது. தடைக்கு ஆதரவாகவோ எதிராகவோ அந்த நூலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது அதற்குச் செய்யும் நியாயமாகாது.

விளையாட்டின் விதிகளிலேயே இந்த மயக்கம் வரும். 2017க்குப் பிறகு நடக்கும் ஜல்லிக்கட்டில் வீரர்களுக்கும் மாடுகளுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். கொம்பையோ வாலையோ பிடித்தால் தகுதியிழப்பு. வாடிவாசலில் கொம்புதான் இலக்கு. அதில் கட்டியிருப்பதை எடுத்து வருவதில்தான் கௌரவம் இருக்கிறது. உயிரை வாங்குகிற இடத்திலேயே பரிசும் இருக்கிறது என்பதை விட்டுவிட்டால், அம்புலி ஏன் செத்தான் என்பதும் பிச்சி எதை ஜெயித்தான் என்பதும் பாதிதான் புரியும். அய்யம்பட்டியில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு நூலுக்குள் போகலாம். எங்கே இரண்டும் விலகுகின்றன என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். அந்த விலகல்களில் ஒன்றைச் சொல்லி விடையைத் தொடங்கும் மாணவர், திருத்துபவரின் கட்டில் உள்ள மற்ற விடைகளிலிருந்து உடனே தனித்துத் தெரிவார்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவதும் ஒரு வழக்கம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் வருகிறது. சோழன் நல்லுருத்திரன் பாடியவை அவை. பெரும்பாலான முன்னுரைகள் இதைச் சொல்லி, 'அன்று தொட்டு இன்று வரை' என்று ஒரே தாவலில் இரண்டாயிரம் ஆண்டைக் கடந்துவிடும். தாவாமல் நின்று ஒப்பிட்டால் நல்ல கட்டுரைப் பொருள் அகப்படும். முல்லைக்கலியில் ஏறு தழுவுபவனைப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தழுவியவனுக்கு அவள் கிடைப்பாள். கொம்புக்கு அஞ்சுபவனை மறுமையிலும் அவள் விரும்பமாட்டாள். வாடிவாசலில் கதையை நகர்த்தும் பெண் என்று யாரும் இல்லை. செல்லாயி என்ற தெய்வத்தின் பெயரில் ஆண்கள் மட்டும் மோதிக்கொள்கிறார்கள். காதலுக்கும் மணத்துக்கும் இருந்த இடத்தில் தகப்பனின் சாவும் ஜமீனின் அந்தஸ்தும் வந்து அமர்ந்துவிட்டன. இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும், முன்னுரையில் கலித்தொகை வந்ததற்குப் பொருள் கிடைத்துவிடும்.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கும் இது பயன்படும். 1952இல் வந்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' உலகெங்கும் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் குறுநாவல். 84 நாள் மீன் கிடைக்காத ஒரு முதியவர், ஒரு பெரிய மீன், கடல். அங்கே போராட்டத்தைப் பார்க்க ஆளில்லை. சாண்டியாகோ தன்னோடும் மீனோடும் பேசிக்கொள்கிறார். வாடிவாசலில் ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. பார்க்கின்றன என்பதாலேயே பிச்சிக்கும் ஜமீன்தாருக்கும் பின்வாங்க வழியில்லை. மனிதனும் மிருகமும் மோதும் கதைகள் என்று இரண்டையும் ஒரே கட்டில் கட்டிவிடுவது எளிது. பார்வையாளர் இருப்பதும் இல்லாததும் கதையை எப்படித் திருப்புகிறது என்று கேட்பதுதான் ஒப்பீடு.

இப்படி நூலுக்குள்ளேயே நின்று அலசச் சொன்னவர்களில் முக்கியமானவர் செல்லப்பாவேதான் என்பது இந்தப் பாடத்துக்கு வாய்த்த பேறு. படித்ததும் மனதில் பட்டதைச் சொல்லும் ரசனை விமர்சனத்தோடு அவர் நிற்கவில்லை. படைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அலசல் முறையை முன்வைத்தார். 'எழுத்து' 1970 வரை வந்தது. அதில் அவர் எழுதியவையும் சிறுகதைகளைப் பற்றிய அவரது நூலான 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது'வும் எந்தக் கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டியவை. தன் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் விற்றவர் அவர். 1998இல் மறைந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் இறந்த பிறகுதான் வந்தது. நூலாசிரியரைப் பற்றி விடையில் எழுத இடமிருந்தால், பிறந்த தேதியையும் விருதுகளையும் அடுக்குவதற்குப் பதில் இந்த விமர்சகரின் முறையை அவருடைய கதை மேலேயே பிரயோகித்துக் காட்டலாம். பத்து மதிப்பெண் வினாவுக்கு அதைவிடத் துணிவான அணுகுமுறை எனக்குத் தோன்றவில்லை.

தேர்வறையில் என்ன செய்வது? வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'விளக்குக' என்றால் எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் உங்கள் தீர்ப்பு வேண்டும். தீர்ப்பை மறைத்து வைத்துவிட்டு விளக்கம் மட்டும் எழுதினால் பாதி விடைதான். முதல் பத்தியிலேயே உங்கள் கருத்தைச் சொல்லிவிடுங்கள். கதைச்சுருக்கத்துக்குத் தனிப் பத்தி வேண்டாம். கருத்துக்குச் சான்று காட்டும்போது வேண்டிய அளவு கதை தானே வந்துவிடும். நீளமான மேற்கோளை மனப்பாடம் செய்து ஒரு சொல் மாறிப்போனதே என்று தவிப்பதைவிட, ஐந்தாறு குறுந்தொடர்களை, யார் யாரிடம் எந்தக் கட்டத்தில் சொன்னது என்ற விவரத்தோடு நினைவில் வைத்திருப்பது மேல். துணைத் தலைப்பு போடுவது தவறில்லை. 'பிச்சியின் வீரம்' என்பதைவிட 'கிழவன் சொல்லித் தெரியும் பிச்சி' என்று போட்டால் தலைப்பே வாதத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

வினா தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 'வாடிவாசல் காட்டும் கிராமியப் பண்பாட்டை ஆராய்க' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கைடில் இருப்பதுதான் வரும். அதையே 'அம்புலி நேரில் வராமலே கதையை எப்படி நடத்துகிறான்?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஜமீன்தார் சுட்டது காளையை மட்டும்தானா?' என்று கேட்டுப் பாருங்கள். மையத் திருத்தத்தில் கட்டுக் கட்டாக ஒரே விடையைப் படித்துச் சலிக்கும் ஆசிரியர்களுக்கும் அது நல்லது.

வகுப்பில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நூலை வாய்விட்டு வாசிக்கச் செய்வது. பேச்சால் ஆன நூல் என்பதால் பிரித்துக் கொடுக்க எளிது. பிச்சிக்கு ஒருவர், மருதனுக்கு ஒருவர், கிழவனுக்கு ஒருவர், ஜமீன்தாருக்கு ஒருவர், கூட்டத்தின் குரல்களுக்கு நாலைந்து பேர், விவரணைக்கு ஆசிரியர். மாணவிகள் பிச்சியாகவும் கிழவனாகவும் வாசிக்கட்டும். வாசித்து முடித்த அதே வகுப்பில், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வினாவுக்கு அரை மணி நேரம் எழுதச் சொல்லலாம். எழுதியதை மறுநாள் இரண்டு இரண்டு பேராக மாற்றிக்கொண்டு திருத்தலாம். நூலில் இல்லாத எதையாவது பக்கத்தில் இருப்பவர் எழுதியிருந்தால் அதன் கீழ்க் கோடு போட வேண்டும், நூலில் இருந்தும் விட்டுப்போனது எதுவென்று ஓரத்தில் குறிக்க வேண்டும். அகமதிப்பீட்டுக்கான 25இல் ஒரு பங்கை இதற்கே கொடுத்துவிடலாம்.